சேர்ந்த பந்தும் குறிவைத்த பந்தும்

2022 அக்டோபர் 7 அன்று கொச்சி கலூர் ஜவாஹர்லால் நேரு மைதானத்தில் கேரளா பிளாஸ்டர்ஸும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. பெருந்தொற்று காரணமாக இரண்டு பருவங்கள் கோவாவிலேயே நடந்த இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) போட்டிகள் கொச்சிக்குத் திரும்பி வந்த நாள் அது. எழுபது நிமிடம் தாண்டியும் கோல் விழவில்லை. 72ஆம் நிமிடத்தில் வலப்பக்கத் தற்காப்பு ஆட்டக்காரர் ஹர்மன்ஜோத் கப்ரா ஒரு நீளமான பந்தைத் தூக்கி அனுப்பினார். ஈஸ்ட் பெங்கால் தற்காப்பு வரிசையின் தலைக்கு மேல் போய் அது இறங்கிய இடத்துக்கு அட்ரியான் லூனா சரியாக ஓடிச் சேர்ந்தார். பந்து வலைக்குள் போனது. ஆட்டம் 3-1 என்று பிளாஸ்டர்ஸுக்கு வெற்றியாக முடிந்தது.

புள்ளிவிவரம் எடுப்பவரின் கணக்கில் கப்ராவின் அந்தப் பாஸுக்கு ஒரு ‘சரி’. எதிரணியில் யாரும் நெருங்காத நேரத்தில் தற்காப்பு ஆட்டக்காரர்கள் இருவர் பத்து மீட்டர் இடைவெளியில் தங்களுக்குள் உருட்டிக்கொள்ளும் ஒவ்வொரு பாஸுக்கும் அதே ஒரு ‘சரி’தான். லூனா அரை நொடி தாமதித்துக் கிளம்பியிருந்தால், அல்லது தடுப்பவர் ஒருவரின் தலை பந்தை உரசியிருந்தால், கப்ராவின் கணக்கில் ‘தவறு’ விழுந்திருக்கும். அவருடைய காலிலிருந்து பந்து கிளம்பிய வேகம், கோணம், உயரம் எதுவும் அதனால் மாறியிருக்காது. ஆட்டம் முடிந்ததும் இந்தச் சரிகளைக் கூட்டி, மொத்தப் பாஸ்களால் வகுத்து, ‘பாஸ் துல்லியம்’ என்று திரையில் ஒரு சதவீதத்தைக் காட்டுகிறார்கள். அதைப் பார்த்து, இவர் குறிபார்த்துக் கொடுப்பவர், அவர் கோட்டைவிடுபவர் என்று நாமும் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அந்த எண் உண்மையில் எதை அளக்கிறது?

இந்தக் கேள்வியை மிக நீண்ட காலமாகப் போட்டு அலசியவர்கள் அமெரிக்கக் கால்பந்துக்காரர்கள். பெயர் கால்பந்து என்றாலும் அது பெரும்பாலும் கையால் ஆடும் ஆட்டம். குவாட்டர்பேக் என்ற ஒருவர் பின்னால் நின்று பந்தை எறிய, முன்னால் ஓடும் சக ஆட்டக்காரர் அதைத் தரையில் விழுமுன் பிடிக்க வேண்டும். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எறிந்தவற்றில் எத்தனை பிடிபட்டன என்பதே நிறைவு விகிதம். 100 எறிந்து 65 பிடிபட்டால் 65 சதவீதம். ஒரு குவாட்டர்பேக்கின் கோடிக்கணக்கான டாலர் ஒப்பந்தம், நாளிதழில் அவருக்குக் கிடைக்கும் அடைமொழி, பார்வையாளர் கூட்டத்தின் வசவு எல்லாவற்றிலும் இந்த எண்ணுக்குப் பங்கு உண்டு.

ஆனால் அதன் விதிகளைக் கிட்டப்போய்ப் பார்த்தால் பல விசித்திரங்கள். நெஞ்சுக்கு நேராக வந்த பந்தைப் பிடிப்பவர் நழுவவிட்டால் அது எறிந்தவரின் கணக்கில் தோல்வி. சக ஆட்டக்காரர் யாருக்கும் வழி இல்லை என்று கண்டு, பந்தைப் பறிகொடுக்காமலிருக்க வேண்டுமென்றே எல்லைக்கு வெளியே எறிந்தாலும் தோல்வி. கடிகாரத்தை நிறுத்துவதற்காக விதிப்படி பந்தைத் தரையில் அடித்தால் அதுவும் தோல்வி. அதே நேரத்தில், முடிவெடுக்கத் தெரியாமல் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்று எதிரியிடம் சிக்கிக் கீழே விழுந்தால், அது எறிதலே ஆகாது என்பதால் சதவீதத்துக்கு ஒரு சேதமும் இல்லை. எல்லாவற்றிலும் எனக்கு உறுத்துவது ஒன்று: கவனமாக வெளியே எறியப்பட்ட பந்தும், நேராக எதிரியின் கையில் போய் விழுந்த பந்தும் இந்தக் கணக்கில் ஒரே மதிப்பு கொண்டவை. ஒன்று அணியைக் காப்பாற்றியது, மற்றது ஆட்டத்தையே தாரைவார்த்தது.

கிரிக்கெட்டில் கேட்ச் நழுவினால் பந்துவீச்சாளரின் கணக்கில் விக்கெட் ஏறாது. ஆனால் பார்ப்பவர்கள் யாரும் அந்தப் பந்தை மோசமான பந்து என்று சொல்வதில்லை. அமெரிக்கக் கால்பந்தில் அப்படிச் சொல்லும் எண்ணையே ஆண்டுக்கணக்கில் தலையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். 1973இல் தேசியக் கால்பந்து லீக் எறிபவர்களை ஒப்பிட ஒரு சூத்திரத்தை ஏற்றுக்கொண்டது. நான்கு கூறுகள் கொண்ட அந்தச் சூத்திரத்தின் முதல் கூறே நிறைவு விகிதம்தான். 30 சதவீதத்துக்குக் கீழே போனால் சுழியம், 77.5 சதவீதத்தைத் தொட்டால் உச்ச மதிப்பெண். ஓர் எறிதலுக்கு எத்தனை கஜம் கிடைத்தது என்பதும், கோலில் முடிந்தவையும் பறிபோனவையும் மற்ற மூன்று கூறுகள். ஆகவே நிறைவு விகிதம் தனியாகப் போதாது என்று அன்றைக்கே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனாலும் ஒருவர் குறிபார்த்து எறிபவரா என்ற பேச்சு வரும்போது மட்டும் அந்த ஒற்றைச் சதவீதத்திடமே போய் நின்றார்கள்.

இரண்டு பெயர்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 1967இல் நியூயார்க் ஜெட்ஸ் அணியின் ஜோ நேமத் 491 முறை எறிந்து 258 முறை வெற்றி பெற்றார், 52.5 சதவீதம். அந்தப் பருவத்தில் அவர் எறிந்து கிடைத்த தூரம் 4,007 கஜம். ஒரே பருவத்தில் 4,000 கஜத்தைத் தாண்டிய முதல் தொழில்முறை ஆட்டக்காரர் அவர்தான். 2016இல் மினசோட்டா வைகிங்ஸ் அணியின் சாம் பிராட்ஃபோர்ட் 552 முறை எறிந்து 395 முறை வெற்றி பெற்றார், 71.6 சதவீதம். அது அப்போது லீக் சாதனை. அவருக்குக் கிடைத்தது 3,877 கஜம். ஓர் எறிதலுக்கு நேமத்துக்கு எட்டுக் கஜத்துக்குச் சற்று மேல், பிராட்ஃபோர்டுக்கு ஏழு. சாதனை சதவீதத்தோடு வைகிங்ஸ் எட்டு வெற்றி, எட்டுத் தோல்வி என்று பருவத்தை முடித்து, அடுத்த சுற்றுக்கே தகுதி பெறவில்லை.

இதை வைத்து நேமத் மேலானவர் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பருவத்தில் அவர் எதிரிகளுக்குக் கொடுத்த பந்துகள் 28. மேலும் அவர் காலத்தில் பாதிக்குப் பாதி பந்து சேர்ந்தாலே நல்ல கணக்கு. பந்து பிடிக்க ஓடுபவரைத் தடுப்பவர்கள் தள்ளலாம், இழுக்கலாம். 1978இல் விதிகள் இறுக்கப்பட்ட பிறகே அந்தத் தொல்லை குறைந்தது. குட்டையாக, பக்கவாட்டில் எறிந்து பிடிப்பவரை ஓடவிடும் ஆட்டமுறையும் அதன் பிறகே பரவலானது. சராசரி சதவீதம் ஆண்டுக்காண்டு ஏறியது. குவாட்டர்பேக்குகளின் கைகள் கூர்மையடைந்ததைவிட, அவர்கள் எறியத் தேர்ந்தெடுத்த பந்துகள் எளிதானதே அதற்குப் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. பத்து கஜம் தேவைப்படும் நேரத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் மூன்று கஜத்துக்குக் கொடுத்துவிட்டால் சதவீதம் உயரும், பந்து எதிரியிடம் போகும். தேர்வு, கைத்திறன், பிடிப்பவரின் திறன், எதிரணியின் நெருக்கடி ஆகிய நான்கும் கலந்து ஒரே எண்ணாக வருகின்றன. அந்த எண்ணைக் கைத்திறனின் பெயரில் மட்டும் எழுதுவதுதான் சிக்கலின் வேர்.

தவறு எதிர்த்திசையிலும் நடக்கிறது. அது பேசப்படுவது குறைவு. முழு ஓட்டத்தில் இருப்பவருக்குப் பின்னால் எறியப்பட்ட பந்தை அவர் திரும்பி, எட்டி, எப்படியோ பிடித்துவிடுகிறார். அதற்குள் தடுப்பவர் வந்து சாய்த்துவிடுகிறார். எறிந்தது மோசம், கணக்கில் ‘சரி’. நம் கால்பந்தில் இது இன்னும் மலிவு. இடது கால்காரருக்கு வலது காலில், முன்னே ஓடுபவருக்கு முதுகுப் பக்கம், முகம் திருப்பி நிற்பவருக்குக் கணுக்காலில் துள்ளும்படி என்று கொடுக்கிறார்கள். வாங்கியவர் பந்தை அடக்க இரண்டு தொடுதல் செலவழிக்கிறார். திறந்திருந்த வழி அதற்குள் மூடிவிடுகிறது. அவர் திருப்பிப் பின்னாலேயே கொடுக்கிறார். தாக்குதல் அங்கேயே செத்தது. ஆனால் இரண்டு பேர் பெயரிலும் ஒவ்வொரு ‘சரி’ ஏறுகிறது.

கொச்சியை ஒட்டிய களமசேரிக்காரர்களுக்கு இதெல்லாம் தொலைதூரத்துச் செய்தி இல்லை. இன்று இங்கிருந்து மெட்ரோ ஏறினால் பல்கலைக்கழகம், எடப்பள்ளி, பாலாரிவட்டம் தாண்டிக் கலூர் மைதானத்தின் வாசலிலேயே இறங்கலாம். ஆனால் ஐ.எஸ்.எல். வருவதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பே இந்த ஊருக்குச் சொந்தமாக ஓர் அணி இருந்தது. பிற்பாடு அப்போலோ டயர்ஸ் வசம் போன பிரீமியர் டயர்ஸ் தொழிற்சாலையின் அணி அது. பக்கத்து ஏலூரில் ஃபாக்ட் உரத் தொழிற்சாலையும் அணி வைத்திருந்தது. தொழிற்சாலை வேலை கொடுத்து ஆட்டக்காரர்களைப் பேணிய காலம். 1973 டிசம்பரில் எறணாகுளம் மகாராஜா கல்லூரி மைதானத்தில் கேரளா முதல் முறையாகச் சந்தோஷ் டிராபியை வென்றது. இறுதி ஆட்டத்தில் ரயில்வேயை 3-2 என்று வீழ்த்தியபோது மூன்று கோல்களையும் அடித்தவர் அணித்தலைவர் டி.கே.எஸ். மணி. அன்றிலிருந்து கேரளத்துக்கு அவர் ‘கேப்டன் மணி’. துணைத்தலைவர் டி.ஏ. ஜாஃபர் பிரீமியர் டயர்ஸ் சீருடையும் அணிந்தவர். பிற்காலத்தில் பயிற்சியாளராகவும் கேரளத்துக்குச் சந்தோஷ் டிராபியைப் பெற்றுத் தந்தார். தமிழ் வாசகர்கள் மறக்கக்கூடாத பெயர் ஒன்றும் இதில் உண்டு. அந்த 1973 அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் தமிழ்நாட்டுக்காரரான சைமன் சுந்தரராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா கடைசியாக அடித்த கோல் இன்றுவரை அதுதான்.

அந்த 1973 இறுதி ஆட்டத்தில் யார் எத்தனை பாஸ் சேர்த்தார் என்று எண்ணி வைத்தவர் இல்லை. எண்ணாமல் விட்டதால் ஆட்டம் குறைந்துபோகவில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் எனக்கு மனமில்லை. எண்ணப்படாத காலத்தின் ஆட்டக்காரர்களில் கோல் அடித்தவர் மட்டும் வரலாற்றில் நிற்கிறார். அவருக்குப் பந்து சேர்த்தவர்கள் பார்த்தவர்களின் நினைவோடு போய்விடுகிறார்கள். கணக்கு வேண்டும். எதை எண்ணுகிறோம் என்பதில்தான் என் வழக்கு.

தவறாக எண்ணினால் என்ன ஆகும் என்பதற்குக் கால்பந்திலேயே பெரிய பாடம் உண்டு. பிரிட்டிஷ் விமானப்படையில் கணக்கராக இருந்த சார்லஸ் ரீப், 1950 மார்ச்சில் ஸ்விண்டன் டவுன் அணியின் ஆட்டமொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது குறிப்பேட்டை எடுத்துத் தாக்குதல்களை எண்ண ஆரம்பித்தார். அதன் பிறகு பல்லாண்டு எண்ணிக்கொண்டே இருந்தார். 1968இல் பெர்னார்டு பெஞ்சமினோடு சேர்ந்து எழுதிய ஆய்வில் அவர் காட்டியது, பெரும்பாலான கோல்கள் மூன்று பாஸ்களுக்கோ அதற்குக் குறைவாகவோ உள்ள தொடர்களிலிருந்து வருகின்றன என்பது. அதைப் பிடித்துக்கொண்டு இங்கிலாந்தில் ஒரு தலைமுறையே பந்தை நீளமாகத் தூக்கி அடித்தது. ரீப் எண்ணியது சரி, வகுத்தது தவறு. ஆட்டத்தில் நிகழும் தொடர்களில் மிகப் பெரும்பாலானவை குட்டையானவை, ஆகவே கோல்களும் அங்கிருந்தே அதிகம் வரும். 2005இல் மைக் ஹியூஸும் இயன் ஃபிராங்க்ஸும் 1990, 1994 உலகக் கோப்பை ஆட்டங்களை எடுத்து, ஒவ்வொரு நீளத் தொடரும் எத்தனை முறை நிகழ்ந்தது என்பதால் வகுத்துப் பார்த்தார்கள். நீண்ட தொடர்களே கோலுக்கு அதிக வாய்ப்புத் தந்தன என்று முடிவு தலைகீழானது. பாஸ் சதவீதத்திலும் நோய் வகுக்கும் எண்ணில்தான் இருக்கிறது. எளிதும் கடினமும் அங்கே ஒன்றாகக் கொட்டப்படுகின்றன.

நீண்ட தொடர் பக்கம் முழுதாகச் சாய்ந்தவர்களுக்கும் எச்சரிக்கை உண்டு. 2018 உலகக் கோப்பையில் ரஷ்யாவுக்கு எதிராக ஸ்பெயின் ஆயிரத்துக்கு மேல் பாஸ் கொடுத்தது. 1-1 என்று இழுத்துப் பெனால்டியில் தோற்றது. 2022இல் மொராக்கோவுக்கு எதிராகவும் ஆயிரத்துக்கு மேல். ஒரு கோல்கூட இல்லை, பெனால்டியில் 0-3. அன்று ஸ்பெயினுக்காகக் களமிறங்கிய ஃபெரான் டோரஸ் நமக்குப் பழக்கமானவர். 2017இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக் காலிறுதியில், இதே கலூர் மைதானத்தில் ஈரானுக்கு எதிராகக் கோல் அடித்தவர். மொராக்கோ ஆட்டத்தில் ஸ்பெயின்காரர்கள் குறிதவறிப் பாஸ் கொடுத்ததால் தோற்கவில்லை. எதிரி கவலைப்படாத இடங்களில் மிகச் சரியாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எளிதும் கடினமும் கலப்பதால் கணக்கு எப்படிப் பொய் சொல்லும் என்பதை ஒரு கற்பனை ஆட்டத்தில் போட்டுப் பார்க்கலாம். இரண்டு நடுக்கள ஆட்டக்காரர்கள். ஆளுக்கு 50 பாஸ். முதலாமவர் 40 எளிய பாஸ் கொடுத்து 36ஐச் சேர்க்கிறார், 10 கடினமான பாஸ் கொடுத்து 3ஐச் சேர்க்கிறார். மொத்தம் 39, அதாவது 78 சதவீதம். இரண்டாமவர் 20 எளிய பாஸில் 19ஐயும், 30 கடினமான பாஸில் 12ஐயும் சேர்க்கிறார். மொத்தம் 31; 62 சதவீதம். திரையில் முதலாமவர் 16 புள்ளி முன்னால் நிற்பார். ஆனால் எளிய பாஸில் முதலாமவர் 90, இரண்டாமவர் 95. கடினமான பாஸில் முதலாமவர் 30, இரண்டாமவர் 40. இரண்டு வகையிலும் கை ஓங்கியவர் மொத்தத்தில் தாழ்ந்துவிட்டார். புள்ளியியலில் சிம்சன் முரண் என்று பெயர் பெற்ற நிலை இது. பாஸ் கணக்கில் இது ஓர் அபூர்வ விபத்து இல்லை, முன்னால் பந்து கொடுப்பவர்களுக்கும் பின்னால் பந்து வைத்திருப்பவர்களுக்கும் இடையே எளிதில் நேரக்கூடிய நிலை.

மருந்தும் இதே கணக்கில் இருக்கிறது. லீக்கில் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் எளிய பாஸ் 92 சதவீதமும் கடினமான பாஸ் 33 சதவீதமும் சேர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் கொடுத்த பாஸ்களைச் சராசரி ஆட்டக்காரர் ஒருவர் கொடுத்திருந்தால் 40 சேர்ந்திருக்கும். இவர் சேர்த்தது 39. இரண்டாமவர் கொடுத்தவற்றைச் சராசரி ஆட்டக்காரர் கொடுத்திருந்தால் 28 சேர்ந்திருக்கும். இவர் சேர்த்தது 31. எதிர்பார்ப்பைவிட எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்பதே இப்போது கேள்வி. விடை தலைகீழாகிவிட்டது.

அமெரிக்க லீக் இன்று இதைப் பெரிய அளவில் செய்கிறது. ஆட்டக்காரர்களின் தோள் காப்புக்குள் சிறு சில்லுகள் இருக்கின்றன. ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார் என்பது நொடிக்குப் பத்து முறை பதிவாகிறது. பந்து காற்றில் போக வேண்டிய தூரம், பிடிப்பவருக்கும் அவரைத் தடுப்பவருக்கும் உள்ள இடைவெளி, பக்கக்கோடு எவ்வளவு அருகில், எறிபவரை நோக்கி எத்தனை வேகமாக எதிரி வருகிறார் என்பவற்றைக் கொண்டு, ஒவ்வோர் எறிதலும் பிடிபட எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்று கணிக்கிறார்கள். பிறகு நடந்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழிக்கிறார்கள். 2018இல் குவாட்டர்பேக் ட்ரூ பிரீஸ் 489இல் 364ஐச் சேர்த்து 74.4 சதவீதம் என்ற சாதனையைப் படைத்தபோது, எளிய பந்துகளைக் கொடுத்தே அதை எட்டினார் என்ற முணுமுணுப்பு எழுந்தது. எதிர்பார்ப்பைக் கழித்துப் பார்த்த பட்டியலிலும் அவர் உச்சத்திலேயே நின்றார். ஆகவே பழைய சதவீதம் எப்போதும் பொய் என்று சொல்வதும் அநியாயம். பிரீஸ் விஷயத்தில் அது உண்மையைத்தான் சொன்னது. எளிய பந்துகளால் வந்த சதவீதத்தையும் கைத்திறனால் வந்த சதவீதத்தையும் பிரித்துக்காட்டத்தான் அதற்குத் தெரியவில்லை.

புது முறைக்கும் எல்லை உண்டு. பிடிப்பவரின் கை அதிலும் ஒளிந்திருக்கிறது; கை நீளமான, தாவிப் பிடிக்கும் சகாக்கள் வாய்த்தவருக்கு எதிர்பார்ப்பைத் தாண்டுவது சுலபம். முதுகுப் பக்கம் வந்த பந்தையும் ஓட்டத்தில் கைமேல் வந்த பந்தையும் அதுவும் ஒன்றாகவே பார்க்கிறது. அதனால் சில ஆய்வாளர்கள் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, பந்து பிடிக்கத்தக்கதாக வந்ததா, வந்தது எந்த உடற்பகுதிக்கு என்று ஒவ்வொன்றையும் மனிதக் கண்ணால் தரம் பிரிக்கிறார்கள். குறிபார்த்தலை நேரடியாக அளக்க நான் அறிந்தவற்றில் மிக நேர்மையான வழி அதுவே. எறிந்தவர் யாரை, எந்த இடத்தை நினைத்து எறிந்தார் என்பதை அங்கேயும் ஊகிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

இதோடு சிறு எண்ணிக்கையின் ஏமாற்றும் சேர்ந்துகொள்கிறது. உண்மைத் திறன் 65 சதவீதம் உள்ள ஒருவர் ஓர் ஆட்டத்தில் 35 முறை எறிந்தால், அதிர்ஷ்டத்தால் மட்டுமே அவர் கணக்கு எட்டுப் புள்ளி இப்படியோ அப்படியோ போவது சாதாரணம். ஒரு ஞாயிறு 73, மறு ஞாயிறு 57 என்று வந்தால் அவர் திறன் மாறிவிட்டது என்று பொருளில்லை. பருவம் முழுக்க 500 முறை எறிந்தாலும் இரண்டு புள்ளி ஊசலாட்டம் மிஞ்சும். நம் கால்பந்தில் தற்காப்பைப் பிளக்கும் பாஸ்களை ஒருவர் ஓர் ஆட்டத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே முயல்கிறார். அவற்றில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் சதவீதம் குட்டிக்கரணம் போடும். 2022 மார்ச்சில் கோவாவில் நடந்த ஐ.எஸ்.எல். அரையிறுதியின் முதல் ஆட்டத்தில், ஜம்ஷெட்பூர் தற்காப்பைத் தாண்டி ஆல்வரோ வாஸ்க்வெஸ் கொடுத்த பந்தைச் சஹல் அப்துல் சமத் கோல்காப்பாளரின் தலைக்கு மேல் தூக்கிப் போட்டார், 1-0. பிளாஸ்டர்ஸை அந்தப் பருவத்தின் இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோன பாதையில் அந்த ஒரு பாஸுக்கு உள்ள எடையை எந்தச் சதவீதமும் தாங்காது.

தமிழ்நாட்டின் மாநில விளையாட்டான கபடியில் இதே நெருக்கடி இன்னும் பளிச்சென்று தெரியும். புரோ கபடியில் ரைடரின் வெற்றி விகிதத்தைக் காட்டுகிறார்கள்: போன ரைடுகளில் எத்தனையில் புள்ளி எடுத்தார். புள்ளி எடுக்காமல் பத்திரமாகத் திரும்பும் வெற்று ரைடு அந்த விகிதத்தைக் குறைக்கும். ஆனால் முன்னிலையில் இருக்கும் அணி நேரத்தைக் கரைக்க வெற்று ரைடையே கேட்டு வாங்கும். அடுத்தடுத்து இரண்டு வெற்று ரைடு போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும் என்ற விதியும் இருப்பதால், அந்த மூன்றாவதை யார் தலையில் கட்டுவது என்பதும் அணியின் திட்டம். அந்தக் கடினமான ரைடுகளை நம்பி ஒப்படைக்கப்படும் வீரரின் விகிதம், சும்மா கோட்டைத் தொட்டுத் திரும்பும் இளையவருடையதோடு ஒப்பிட முடியாதது. கபடி பார்க்கிறவர்களுக்கு இது தெரியும். விகிதம் சரிந்தவரைக் கூட்டம் கைவிடுவதில்லை, அவருக்கு எந்த ரைடு தரப்பட்டது என்று கேட்கத் தெரிந்த கூட்டம் அது. கால்பந்துத் திரையின் முன் மட்டும் நாம் ஏன் அந்தக் கேள்வியை மறக்கிறோம்?

பழைய சதவீதத்தின் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. அதை யாரும் எண்ணலாம். சந்தேகமில்லாமல் இரண்டு பேர் ஒரே விடைக்கு வரலாம். ஒரே இடத்தில் ஆடும், ஒரே வகைப் பந்தைக் கொடுக்கும் இருவரை, போதுமான ஆட்டங்கள் சேர்ந்த பிறகு ஒப்பிட அது நல்ல கருவி. அணி பந்தைத் தன்னிடம் வைத்திருக்கிறதா என்பதையும் அது நேர்மையாகச் சொல்கிறது. தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவரின் விகிதம் வழக்கத்தைவிடச் சரிகிறது என்றால் பயிற்சியாளர் கவலைப்பட வேண்டியதுதான். லூனாவைப் போல எதிரி நெருக்கும் இடங்களில் நின்று கோலுக்கு வழி தேடுபவரை அதே அளவுகோலில் நிறுத்தும்போதுதான் அது அநீதியாகிறது. கெவின் டி பிரய்ன் 2019-20 பருவத்தில் இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 20 கோல்களுக்குப் பந்து தந்து தியரி ஹென்றியின் சாதனையைச் சமன் செய்தார். அவருடைய பாஸ் சதவீதம் அவருடைய அணியின் தற்காப்பு ஆட்டக்காரர்களுடையதைவிடக் குறைவாகவே இருந்தது. அவரைவிட அவர்கள் குறிபார்த்துக் கொடுப்பவர்கள் என்று அந்த அணியிலேயே யாரும் சொல்லத் துணிந்திருக்க மாட்டார்கள்.

தொழில்முறை ஆட்டக்காரர்கள் இந்த அநீதியைத் தாங்கிக்கொள்வார்கள். அவர்களைக் காணொளியோடு பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குக் கவலை பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளைப் பற்றி. கைபேசியில் காணொளி எடுத்து, செயலியில் ஏற்றி, மாலைக்குள் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பாஸ் சதவீதத்தைப் பெற்றோருக்கு அனுப்புவது இன்று எளிது. அந்த எண்ணைப் பார்த்து அப்பா வீட்டில் கேள்வி கேட்பார். பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை. அடுத்த வாரமே பின்னால் திருப்பிக் கொடுத்து எண்ணை உயர்த்திவிடும். இடையில் திறந்த வழியைக் கண்டு ஒரு முறை பந்தை நுழைத்துப் பார்த்து, தோற்று, மறுபடி நுழைத்துக் கற்றுக்கொள்ளும் வயதில், நுழைக்காமலிருப்பதற்கு நாம் மதிப்பெண் போடுகிறோம்.

தரையும் வானமும் வேறு இருக்கின்றன. ஜூன் தொடங்கி இங்கே பெய்யும் மழையில் திறந்த மைதானத்தில் உருட்டிய பந்து தண்ணீரில் சிக்கிப் பாதியில் நின்றுவிடும். அதே பந்தைச் செயற்கைப் புல் தரையில் கொடுத்தால் வேகம் குறையாமல் ஓடும். மலபாரின் அறுவடை முடிந்த வயல்களில், தற்காலிகக் கேலரிகள் சூழ, இரவு விளக்கில் அணிக்கு ஏழு பேராக நடக்கும் செவன்ஸ் ஆட்டங்களில் இடம் குறுகல், எதிரி எப்போதும் தோளில். அங்கே வளர்ந்த ஒருவனின் அறுபதும், புல்தரைப் பயிற்சி மையத்தில் வளர்ந்தவனின் எண்பதும் ஒரே தேர்வு முகாமில் அருகருகே எழுதப்பட்டால், தேர்வாளர் எண்ணைப் பார்க்குமுன் தரையைப் பார்க்க வேண்டும்.

சில்லும் நிழற்படக் கருவியும் இல்லாமல் இதைச் சீராக்க முடியும் என்றே நினைக்கிறேன். ஒரு பாஸுக்கு ஒரு குறிக்குப் பதில் மூன்று குறி போடலாம். பந்து காலைவிட்டுக் கிளம்புமுன் அது எளிதா, நடுத்தரமா, கடினமா என்பது முதல் குறி. வாங்குபவருக்கு எதிரி எவ்வளவு அருகில், பந்து எதிரணி ஆட்டக்காரர் எத்தனை பேரைத் தாண்ட வேண்டும் என்ற இரண்டை மட்டும் வைத்து அதைத் தீர்மானித்துவிடலாம். வாங்கியவர் ஓட்டத்தை முறிக்காமல் அடுத்த வேலையைத் தொடங்க முடிந்ததா என்பது இரண்டாவது குறி. குறிபார்த்தல் அங்கேதான் தெரியும். பந்து சேர்ந்ததா என்பது மூன்றாவதாக வரட்டும். வாங்குபவரே தவறு செய்தால் அவர் பெயரில் ஒரு தவறுக் குறி. இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்து ஒப்பிட்டால் எத்தனை இடத்தில் வேறுபடுகிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்; அந்த வேறுபாட்டையும் மறைக்காமல் எழுத வேண்டும். களமசேரியிலேயே கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் துறை இருக்கிறது. இருபது நிமிடத் தூரத்தில் கலூர். ஒரு பருவம் முழுக்க மாவட்ட லீக் ஆட்டங்களை இப்படிக் குறித்து, எளிய பாஸும் கடினமான பாஸும் நம் தரையில், நம் மழையில் எத்தனை சதவீதம் சேர்கின்றன என்ற அடிப்படை எண்ணை மாணவர்கள் கண்டுபிடித்துக் கொடுக்கலாம். அந்த எண் கையில் இருந்தால், அடுத்த தேர்வு முகாமில் 62 சதவீதத்தோடு வரும் பையனிடம் எதைக் கழித்துவிட்டுப் பேச வேண்டும் என்று தேர்வாளருக்குத் தெரியும்.